பேஸ்போல் ரீமுக்கு பற்றிங் ஓடர் போடுறது எப்பிடி, ஹோம் ரன் அடிக்கிற ஆளை எங்க விடுறது

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாப் பக்கம் எல்லே (தடியால பந்தை அடிச்சிட்டு ஓடுற எங்கட நாட்டு விளையாட்டு) விளையாடி வளந்த பிள்ளையள வச்சு பேஸ்போல் ரீம் ஒண்டு கட்ட வெளிக்கிடுற விளையாட்டு சேர்மார், கழகக் கப்டன்மார், இவைக்காகத்தான் இதை எழுதுறன். எறியப் பழக்க, பிடிக்கப் பழக்க, ஓடப் பழக்க எங்கட பக்கம் ஆக்கள் இருக்கினம். ஒன்பது பேரை எந்த வரிசையில பற் பிடிக்க விடுறது எண்டு வரேக்கதான் பிரச்சினை, கனபேர் கிரிக்கட் கணக்கில யோசிச்சு நல்லா அடிக்கிறவன் முதல், அதுக்கு அடுத்தவன் ரெண்டாவது, கடைசியில பிட்சர் (பந்து போடுறவன்) எண்டு எழுதிப்போட்டு பேப்பரை நீட்டுவினம்.

கிரிக்கட்டில ஒரு நல்ல பற்ஸ்மன் நிண்டுபிடிச்சா அவன் ஒருத்தனே 150 அடிச்சு மட்ச்சை வெண்டு தருவான். பேஸ்போல்ல அது ஏலாது. நீங்கள் எவ்வளவு பெரிய அடிகாரன வச்சிருந்தாலும் அவன் ஒருக்கா அடிச்சா பிறகு மற்ற எட்டுப் பேரும் வந்து போகும்வரைக்கும் பேசாம இருக்கோணும். ஏழு இன்னிங்ஸ் மட்ச் எண்டா அவனுக்கு மூண்டு தரம், கூடினா நாலு தரம் கிடைக்கும், அவ்வளவுதான். அதுக்குள்ளயும் எதிர் ரீம் அவனுக்குப் பந்து போடாம வேணுமெண்டே வோக் (அடிக்க ஏலாத நாலு பந்து வந்தா பற்றர் சும்மா முதல் பேஸுக்குப் போறது) குடுத்து அனுப்பிவிடலாம். பரி பொண்ட்ஸ் எண்டவர் 2001ல ஒரே சீசன்ல 73 ஹோம் ரன் (ஒரே அடியில நாலு பேஸும் சுத்தி வாறது) அடிச்சவர், இண்டைக்கும் அதுதான் அமெரிக்க மேஜர் லீக் ரெக்கோட். அவரை 2004ல என்ன செய்தவங்கள் எண்டா, 232 தரம் வோக் குடுத்தவங்கள், அதில 120 வேணுமெண்டு குடுத்தது. அந்தளவு பயந்தவங்கள். ஆனா அவருக்குப் பின்னால அவரளவு பயப்பிடவேண்டிய அடிகாரன் அந்த ரீமிட்ட இல்ல, அந்த வருசம் அவற்ற ரீம் சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் பிளேஓஃபுக்கே (சீசன் முடிய கப்புக்கு நடக்கிற சுற்றுகள்) போகேல்ல. அதாலதான் ஓடர் போடேக்க முதல்ல "ஆர் பெரிய அடிகாரன்" எண்டு கேக்காதேங்கோ, "அவனுக்கு முன்னால ஆர் பேஸில நிப்பான், அவனுக்குப் பின்னால ஆர் வருவான்" எண்டு கேளுங்கோ.

இதை ஒரு இன்னிங்ஸில வச்சுப் பாப்பம். ஆறு பேர் பற் பிடிக்கினம்: ஒருத்தன் ஹோம் ரன், ஒருத்தன் வோக், ஒருத்தன் சிங்கிள் (அடிச்சு முதல் பேஸ் வரைக்கும் போறது), மற்ற மூண்டு பேரும் ஸ்ட்ரைக் அவுட் (மூண்டு ஸ்ட்ரைக் விட்டு அவுட் ஆகிறது). ஹோம் ரன் முதல்ல வந்து, பிறகு வோக், சிங்கிள், பிறகு மூண்டு அவுட் எண்டா உங்களுக்கு 1 ரன், ரெண்டு பேர் பேஸில நிண்டபடியே இன்னிங்ஸ் முடிஞ்சுது. வோக்கும் சிங்கிளும் முதல் வந்து பிறகு ஹோம் ரன் எண்டா 3 ரன். அதே ஆறு பேர், அதே அடி, அதே மூண்டு அவுட். ஆர் முதல் வந்தது எண்டது மட்டும்தான் மாறினது.

மேஜர் லீக்கில இதுக்கு நல்ல உதாரணங்கள் கிடக்கு. எங்கட சொந்தக்காரர் கனபேர் இருக்கிற ரொறன்ரோவையே எடுங்கோவன். 2010ல புளூ ஜேஸ் ரீம் 257 ஹோம் ரன் அடிச்சுது, அந்த வருசம் வேற ஒரு ரீமும் அவ்வளவு அடிக்கேல்ல. ஆனா அவங்கட பிரிவில வந்த இடம் நாலாவது. அடி இருந்தது, அடிக்கேக்க பேஸில ஆக்கள் காணாது, அந்த ரீம் பேஸில ஏறின விகிதம் 100க்கு 31 அளவுதான். 2019ல மினசோட்டா ட்வின்ஸ் 307 அடிச்சு ரெக்கோட் வச்சுது, 101 மட்ச் வெண்டுது, பிளேஓஃபில நியூயோர்க் யாங்கீஸிட்ட மூண்டுக்கு மூண்டும் தோத்து வீட்ட போச்சு. 2023ல அட்லாண்டா பிரேவ்ஸும் அதே 307 அடிச்சு 104 மட்ச் வெண்டுபோட்டு பிளேஓஃபில தான் விளையாடின முதல் சுற்றிலயே பிலடெல்பியாவிட்ட விழுந்துது.

எனக்குப் பிடிச்சது 1982 வேர்ல்ட் சீரிஸ், அதுதான் மேஜர் லீக்கின்ர இறுதிப் போட்டி. ஒரு பக்கம் மில்வோக்கி ப்ரூவர்ஸ், 216 ஹோம் ரன். மற்றப் பக்கம் சென் லூயிஸ் கார்டினல்ஸ், முழு சீசனுக்கும் 67தான், லீக்கிலயே ஆகக் குறைவு, ஆனா 200 பேஸ் களவெடுத்த (ஆரும் அடிக்காமலே அடுத்த பேஸுக்கு ஓடிப் பிடிச்ச) ரீம். முதல் மட்ச்சில மில்வோக்கி 10க்கு 0 எண்டு அடிச்சு நொறுக்கிச்சுது, கடைசியில ஏழாவது மட்ச்சில சென் லூயிஸ்தான் கப் தூக்கினது. அவங்கட கிரவுண்ட் பெரிசு, வேலிக்கு மேலால அடிக்கிறது கஷ்டம், அதுக்கேத்த மாதிரி வைற்றி ஹேர்சொக் எண்ட மனேஜர் ஓடுற ஆக்களையும் பந்தைத் தவறவிடாத ஆக்களையும் வச்சு ரீமைக் கட்டினவர். எங்கட பக்கத்துக் கிரவுண்டுகளை நினைச்சுப் பாத்தா இது எவ்வளவு பெரிய பாடம் எண்டு விளங்கும், அதுக்கு பிறகு வாறன்.

இதை வாசிச்சிட்டு ஹோம் ரன் தேவையில்லை எண்டு நினைச்சிடாதேங்கோ. 1927 யாங்கீஸ் 158 ஹோம் ரன் அடிச்சு 110 மட்ச் வெண்டவை, அதில பேப் ரூத் 60, லூ கெரிக் 47. ஆனா ரூத்துக்கு முன்னால ஏர்ல் கூம்ஸ் எண்டவர் முதலாவதாய் வந்து விடாம பேஸில ஏறிக்கொண்டே இருந்தவர், ரூத்துக்குப் பின்னால கெரிக் நிண்டபடியால ரூத்தை வோக் குடுத்து அனுப்பினாலும் பிட்சருக்கு நிம்மதி இல்ல. இன்னொண்டு, பெரிய மட்ச்சில நல்ல பிட்சர் வந்தா அவனிட்ட தொடர்ந்து மூண்டு சிங்கிள் எடுக்கிறது சரியான கஷ்டம், அவன் விடுற ஒரே ஒரு பிழையான பந்தைத் தூக்கி அடிக்கிற ஆள் அப்ப கட்டாயம் வேணும். அடியும் வேணும், ஏறுற ஆக்களும் வேணும்.

சரி, வேலைக்கு வருவம். முதல் வேலை ஒரு கொப்பி. ஆர் நல்லா அடிக்கிறான் எண்டு கண்ணால பாத்து முடிவெடுக்காதேங்கோ, ஏனெண்டா கண்ணுக்கு ஹோம் ரன் மட்டும்தான் ஞாபகம் நிக்கும், நாலு பந்தை விட்டுப்போட்டு பேசாம முதல் பேஸுக்கு நடந்துபோன பிள்ளையை ஒருத்தரும் ஞாபகம் வைக்கமாட்டினம். பிராக்டிஸ் மட்ச் எண்டாலும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, எத்தினை தரம் பற் பிடிச்சது, சிங்கிள் எத்தினை, டபிள், ட்ரிபிள், ஹோம் ரன் எத்தினை, வோக் எத்தினை, பந்து உடம்பில பட்டு ஏறினது எத்தினை, ஸ்ட்ரைக் அவுட் எத்தினை எண்டு எழுதுங்கோ. விளையாடாத ஒரு பிள்ளையிட்ட குடுத்தா வடிவாய் எழுதும், அந்தப் பிள்ளைக்கும் விளையாட்டு விளங்கும். எதிர் ரீம் பந்தைத் தவறவிட்டு ஏறினதை வேறயாய் எழுதுங்கோ, அதை அடியோட சேர்க்கக்கூடாது.

அதில இருந்து ரெண்டு கணக்கு எடுத்தாக் காணும். ஒண்டு பேஸில ஏறுற விகிதம்: அடிச்சு ஏறினது, வோக், உடம்பில பட்டது மூண்டையும் கூட்டி, மொத்தம் பற் பிடிச்ச தரத்தால பிரிக்கோணும். மற்றது அடியின்ர பலம்: சிங்கிளுக்கு 1, டபிளுக்கு 2, ட்ரிபிளுக்கு 3, ஹோம் ரனுக்கு 4 எண்டு கூட்டி, வோக்கும் உடம்பில பட்டதும் கழிச்சு மிச்சம் உள்ள தரத்தால பிரிக்கோணும்.

உதாரணத்துக்கு ரெண்டு பெடியள வையுங்கோ. பெரியவன் 20 தரம் பிடிச்சான்: 2 ஹோம் ரன், 1 டபிள், 2 சிங்கிள், வோக் ஒண்டும் இல்ல, 15 அவுட். சின்னவனும் 20 தரம்: 4 சிங்கிள், 5 வோக், 1 உடம்பில பட்டது, 10 அவுட். பெரியவன் ஏறினது 20க்கு 5, அதாவது கால்வாசி, ஆனா அடியின்ர பலம் 0.600. சின்னவன் ஏறினது 20க்கு 10, அரைவாசி, பலம் 0.286தான். ஊரில ஆரைக் கேட்டாலும் பெரியவன்தான் கெட்டிக்காரன் எண்டுதான் சொல்லுவினம். மேஜர் லீக் மட்ச்சுகளை அலசின ஆக்கள் ஒவ்வொண்டுக்கும் ஒரு பெறுமதி வச்சிருக்கினம், சுமாராய்ச் சொன்னா ஹோம் ரன் 1.4 ரன், டபிள் 0.77, சிங்கிள் 0.47, வோக் 0.3, ஒவ்வொரு அவுட்டுக்கும் 0.27 கழியும். போட்டுப் பாருங்கோ, பெரியவனுக்கு அரை ரன்னும் வராது, சின்னவனுக்கு ஒரு ரன் அளவு வரும். 15 அவுட்தான் பெரியவனைத் திண்டது. இந்த நம்பர் அமெரிக்க லீக்குக்கானது, எங்கட பள்ளிக்கூட மட்ச்சுக்கு அப்பிடியே பொருந்தாது, ஆனா ஆக்களை ஒப்பிட்டுப் பாக்க நல்ல உதவி.

இப்ப ஓடர். முதலாவது இடம் கூடுதலாய் ஏறுற பிள்ளைக்கு, மேல சொன்ன சின்னவன் மாதிரி ஆள். கெதியாய் ஓடினா நல்லம்தான், ஆனா ஓட்டம் ரெண்டாவது தகுதி, ஏறாதவன் எவ்வளவு வேகமாய் ஓடினாலும் ஓடுறதுக்கு இடம் இல்ல. முதலாவது ஆளுக்குத்தான் மட்ச்சில கூடத் தரம் பற் கிடைக்கும், 162 மட்ச் சீசன்ல ஒவ்வொரு இடம் கீழ போகப்போக 18 தரம் அளவு குறையுமாம், எங்கட ஏழு இன்னிங்ஸ் மட்ச்சிலயும் முதலாமாளுக்கு நாலு தரம் வரேக்க ஒன்பதாமாளுக்கு மூண்டுதான் வரும். ரெண்டாவது இடத்துக்கு, ஏறவும் தெரிஞ்சு அடிக்கவும் தெரிஞ்ச உங்கட முழுமையான ஆள். முந்தி ரெண்டாவது இடம் எண்டா பன்ட் (பற்றைச் சுழட்டாம பந்தை மெல்லத் தட்டிவிடுறது) போடுற ஆள் எண்டுதான் பழக்கம், அதை விட்டிடுங்கோ.

நாலாவது இடம்தான் ஹோம் ரன் அடிக்கிறவன்ர இடம். மூண்டாவதில ஏன் விடக்கூடாது எண்டு கேப்பியள். முதல் இன்னிங்ஸில முதல் ரெண்டு பேரும் அவுட் எண்டா, மூண்டாவது ஆள் வரேக்க ரெண்டு அவுட், பேஸ் வெறுமை. அந்த நிலையில மூண்டாமாள்தான் அடிக்கடி மாட்டுப்படுவான். நாலாமாள் பேஸில ஆள் நிக்கேக்க வாற வாய்ப்பு கூட. அதால என்ர முடிவு, உங்களிட்ட உள்ள ஆகத் திறமான மூண்டு பேரையும் 1, 2, 4ல விடுங்கோ, அதுக்கு அடுத்த ஆள் 5, அதுக்குப் பிறகு 3. அஞ்சாவது ஆளைப் பற்றிக் கனக்க யோசியுங்கோ, அவன் பலவீனம் எண்டா நாலாவது ஆளுக்கு ஒருத்தனும் நேர பந்து போடமாட்டான், பொண்ட்ஸின்ர கதைதான் நடக்கும்.

ஆறு, ஏழு, எட்டு பற்றி அவ்வளவு மினக்கெடத் தேவையில்ல, கொப்பியில உள்ள வரிசைப்படி விடலாம், ஆனா ஸ்ட்ரைக் அவுட் கூட ஆகிற மூண்டு பேரை அடுத்தடுத்து விடாதேங்கோ, பிட்சர் அதில மூச்சு விட்டுப்போடுவான். ஒன்பதாவது இடத்தை ஆகப் பலவீனமான ஆளுக்கு எண்டு ஒதுக்கிறதிலயும் எனக்கு விருப்பமில்ல. ஒன்பதுக்குப் பிறகு வாறது திரும்ப முதலாவது ஆள் எல்லோ, அதால அங்க ஏறத் தெரிஞ்ச, ஓடத் தெரிஞ்ச ஒரு சின்னப் பிள்ளையை விட்டா முதலாமாளும் ரெண்டாமாளும் அடிக்கேக்க பேஸில ஆள் நிக்கும். ஆகப் பலவீனமான ஆள் எட்டில நிக்கட்டும்.

இடக்கை வலக்கை பற்றியும் பாக்கோணும். வலக்கைப் பிட்சர் போடுற வளைஞ்ச பந்து வலக்கைப் பற்றருக்கு வெளியால விலகிப் போய் அடிக்கக் கஷ்டமாகும், இடக்கைப் பற்றருக்கு உள்ளுக்க வரும், பிட்சர் இடக்கை எண்டா மாறி நடக்கும். அதால இடமும் வலமும் மாறி மாறி நிண்டா பிட்சருக்கு ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்ய ஏலாது. இடக்கைப் பிள்ளை நிக்கிற பக்கம் முதல் பேஸுக்கும் ஒண்டு ரெண்டு காலடி கிட்ட, அதுவும் லாபம். இதின்ர பெறுமதியை 2024 வேர்ல்ட் சீரிஸ் முதல் மட்ச்சில உலகமே பாத்தது. பத்தாவது இன்னிங்ஸ், யாங்கீஸ் 3க்கு 2 எண்டு முன்னுக்கு. லொஸ் ஏஞ்சல்ஸ் டொட்ஜர்ஸ் பக்கம் ஒரு அவுட்டுக்குப் பிறகு கவின் லக்ஸ் வோக் எடுத்தான், டொமி எட்மன் உள்ளுக்க ஒரு சிங்கிள் அடிச்சான். ஷோஹெய் ஓட்டானி தூக்கி அடிச்சதை அலெக்ஸ் வெர்டூகோ ஓடிப் பிடிச்சு ஆக்கள் இருக்கிற பக்கம் விழுந்திட்டார், அதால பேஸில நிண்டவை ஆளுக்கு ஒரு பேஸ் முன்னுக்குப் போச்சினம். ரெண்டு அவுட். அடுத்தது வலக்கைக்காரர் மூக்கி பெட்ஸ், பந்து போட்டது இடக்கைப் பிட்சர் நெஸ்டர் கோர்டெஸ். பெட்ஸுக்கு வேணுமெண்டு வோக் குடுத்து, இடக்கைக்காரர் ஃபிரெடி ஃப்ரீமனை, அதுவும் கணுக்கால் சுளுக்கோட நொண்டிக்கொண்டு விளையாடின மனுசனை எதிர்கொள்ள முடிவெடுத்தவை. கணக்குப்படி சரியான முடிவு. ஃப்ரீமன் முதல் பந்தையே வேலிக்கு மேலால அடிச்சார், 6க்கு 3, மட்ச் முடிஞ்சுது. எல்லாரும் ஃப்ரீமன்ர அடியைப் பற்றித்தான் கதைக்கினம், லக்ஸின்ர வோக் இல்லாட்டி அந்த அடிக்கு வழியே இல்ல.

இனி எங்கட கிரவுண்ட். மேஜர் லீக் மைதானத்தில ஓரத்தில 100 மீற்றர் அளவிலயும் நடுவில 120 மீற்றர் அளவிலயும் வேலி இருக்கும். எங்கட பக்கம் கனக்க இடத்தில வேலியே இல்ல, பந்து போனா பனையடி, வடலி, இல்லாட்டி பக்கத்து வயல் வரைக்கும் உருளும். அங்க ஹோம் ரன் எண்டா ஓடி எடுக்கிறதுதான், பெரிய அடி அடிச்சிட்டு ரெண்டாவது பேஸில மூச்சிரைக்கிற பிள்ளைக்கு அது டபிள் மட்டும்தான். வெளியில நிக்கிற ஃபீல்டர்மாரும் அடிகாரன் வந்தா இருபது மீற்றர் பின்னால போய் நிப்பினம், வேலி இருந்தா அவைக்கு அது ஏலாது. அப்பிடியான இடத்தில உயரத் தூக்கி அடிக்கிறதை விட ரெண்டு ஃபீல்டருக்கு நடுவால தலை உயரத்தில பாயிற அடிதான் நல்ல அடி. மட்ச் தொடங்க முதல் அம்பயரோடயும் மற்றக் கப்டனோடயும் கதைச்சு எந்த மரம், எந்த ரோட்டு தாண்டினா என்ன தீர்ப்பு எண்டு முடிவெடுங்கோ, பிறகு சண்டை பிடிச்சுப் பிரயோசனம் இல்ல.

காத்தையும் பாருங்கோ. சோழகம் அடிக்கிற மாதங்கள்ல வெட்டவெளியில பந்து எங்க போகும் எண்டு சொல்ல ஏலாது. பற்றருக்குப் பின்னால இருந்து காத்து வந்தா தூக்கி அடிக்கலாம், முகத்துக்கு நேர வந்தா நல்ல அடியும் கட்ச் ஆகிடும், அண்டைக்கு நிலத்தோட அடிக்கச் சொல்லுங்கோ, ஏலுமெண்டா அஞ்சாவது இடத்துக்கு ஓட்டக்காரன் ஒருத்தனை ஏத்துங்கோ.

பன்ட் பற்றி ஒரு விசயம். முதல் பேஸில ஆள், அவுட் இல்ல எண்டா மேஜர் லீக்கில அந்த இன்னிங்ஸில சராசரி 0.9 ரன் அளவு எதிர்பார்க்கலாம், பன்ட் போட்டு அவனை ரெண்டாவதுக்கு அனுப்பி ஒரு அவுட் குடுத்தா அது 0.7க்கு இறங்கும். அவுட் எண்டது உங்கட கையில உள்ள காசு, சும்மா குடுக்காதேங்கோ, அதுவும் பின்னால நாலாமாள் வரப்போறான் எண்டா குடுக்கவே வேண்டாம். ஆனா பள்ளிக்கூட மட்ச்சில பன்ட் பந்தை எடுத்துப் பிழையாய் எறியிறது கூட, அதால எதிர் ரீமின்ர மூண்டாவது பேஸ்காரனும் பிட்சரும் தடுமாறினா எட்டாவது ஒன்பதாவது ஆக்களைக் கொண்டு பன்ட் போடலாம். பேஸ் களவெடுக்கிறதும் நாலுக்கு மூண்டு தரம் சரிவந்தாத்தான் லாபம், அதுக்குக் குறைஞ்சா நிப்பாட்டுங்கோ.

எங்கட பிள்ளையளிட்ட அடிக்கிற பலம் இருக்கு, எல்லே விளையாடின கைக்கு முழுச் சுழட்டல் தானா வரும். கிரிக்கட்டில இருந்து வாற பிள்ளைக்குத்தான் பற்றை நேர கீழ இறக்கிற பழக்கம் விடவேணும், நெஞ்சுக்கும் முழங்காலுக்கும் இடையில வாற பந்துக்கு இடுப்பை முதல் திருப்பி, பிறகு கை வரோணும். பலத்தை விட நேரம் எடுக்கிறது பந்தை விடப் பழக்கிறது. ஒரு நாளைக்கு பத்து நிமிசம், பிட்சர் போடட்டும், பற்றர் அடிக்காம ஸ்ட்ரைக்கா (அடிக்கக்கூடிய இடத்தில வந்த பந்து) போலா (வெளியால போன பந்து) எண்டு மட்டும் சத்தமாய்ச் சொல்லட்டும், பின்னால நிண்டு பந்து பிடிக்கிற கட்சர் சரி பிழை சொல்லட்டும். இதுக்கு பற்றும் தேவையில்ல, தடி ஒண்டு காணும். இதைச் செய்த ரீமில வோக் கூடும், வோக் கூடினா நாலாமாளுக்கு முன்னால ஆள் நிக்கும்.

மட்ச்சுக்கு முதல் ஓடர் பேப்பர்ல பேரையும் நம்பரையும் ரெண்டு தரம் சரிபாருங்கோ, குடுத்தாப் பிறகு வரிசை மாத்த ஏலாது, மாற்று ஆள் வந்தாலும் அவன் வெளிய போறவன்ர இடத்தில மட்டும்தான் பிடிக்கலாம். ஓடர் மாறிப் பிடிச்சா, எதிர் ரீம் அதைப் பிடிச்சுச் சொன்னா, முறைக்கு வரவேண்டிய பற்றர் அவுட். அதால ஒரு கொப்பி உங்கட கையில, இன்னொண்டு பெடியள் இருக்கிற வாங்கில ஒட்டிவிடுங்கோ, அடுத்தது ஆர், அதுக்கு அடுத்தது ஆர் எண்டு அவங்களே பாத்து ஹெல்மட்டோட ரெடியாய் நிப்பாங்கள். ஒரு மட்ச்சில ஒருத்தன் அடிக்கேல்ல எண்டு ஓடரைக் குழப்பாதேங்கோ, நாலஞ்சு மட்ச் போகட்டும், பிறகு கொப்பியை விரிச்சு வச்சு நாலாமாள் வரேக்க பேஸில எத்தினை பேர் நிண்டவை எண்டு எண்ணிப் பாருங்கோ, அந்த நம்பர் குறைவெண்டா மாத்தவேண்டியது அவனை இல்ல, அவனுக்கு முன்னால நிக்கிற மூண்டு பேரை.